ரெஜிபோம் பெட்டியில் போன இரத்தம்

காலிமுகத்திடலில் அரசாங்கத்தை எதிர்த்துப் பிள்ளைகள் கூடாரம் அடித்து இருந்தார்களே, அந்தக் கூடாரங்களைக் கழற்றிய பிறகு நடந்தது இது. லைட் வெட்டு இன்னும் முடியவில்லை. பெற்றோல் அடிக்க போனில் ஒரு சதுரப் படம் காட்ட வேண்டும் என்று வந்த புதிது. என் பழைய போனில் அந்தப் படம் வராது. மகள் அதை அட்டையில் அச்சடித்து, பிளாஸ்டிக் ஒட்டி, என் த்ரீவீலில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் தொங்க விட்டிருந்தாள். பெற்றோல் ஷெட்காரன் மெஷினை நீட்டும்போதெல்லாம், "அய்யா, முதல்ல எதைக் கும்பிட?" என்று கேட்டுச் சிரிப்பான். வருஷத்தை இலக்கமாகக் கேட்டால் எனக்குச் சொல்ல வராது. இப்படித்தான் ஞாபகம். அந்த நாட்களில்தான் என் பேத்தி பிறந்தாள்.

நான் கொட்டாஞ்சேனைக்காரன். முன்னர் புறக்கோட்டையில் நாட்டாமி வேலை பார்த்தேன். மூட்டை தூக்குவதுதான் வேலை. அரிசி, பருப்பு, சீனி, வெங்காயம், எந்த மூட்டை எந்தத் தோளில் எப்படி உட்காரும் என்பது எனக்குத் தெரியும். வெங்காய மூட்டை முதுகைக் குத்தும். சீனி மூட்டை சும்மா பிள்ளை மாதிரிச் சாய்ந்து கிடக்கும், ஆனால் மழை பட்டால் எமன். முதுகு போன பிறகு த்ரீவீல் வாங்கினேன். மனுசி காலமான பிறகு எனக்கு இருந்தது ஒரே மகள். அவளை முகத்துவாரத்தில் கட்டிக் கொடுத்தேன். மருமகன் இறால் வாங்கி, கழுவி, ஐஸ் போட்டுப் பெட்டி கட்டி அனுப்புகிற இடத்தில் வேலை செய்கிறான். அவன் சேர்ட்டைத் துவைத்துத் துவைத்து மகளுக்குக் கை வெளுத்துவிட்டது, வாசனை மட்டும் போகவில்லை. ஆனாலும் நல்லவன். கதை குறைவு.

அவர்களுக்கு முதலில் ஒரு ஆண் பிள்ளை பிறந்து, முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிக்க முந்தியே போய்விட்டது. நல்ல நிறமான பிள்ளை. பிறந்து சில நாளில் பால் குடிக்கிறதை விட்டது, பிறகு நித்திரை, பிறகு வலிப்பு. ஏன் என்று எவருக்கும் தெரியவில்லை. அந்தப் பிள்ளையின் துணியில் கித்துள் மரத்துப் பதநீரைப் பாணியாகக் காய்ச்சுகிற மாதிரி ஒரு இனிப்பு வாசனை இருந்தது. நாங்கள் அதை நல்லதென்று நினைத்தோம். "சாமிப் பிள்ளை, அதுதான் மணக்குது," என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மகள் மட்டும் அந்த வாசனையை மறக்கவில்லை. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே அதை டொக்டரிடம் சொன்னாள். டொக்டர் எழுதுகிறதை நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தாராம்.

அதனால் பேத்தி பிறந்ததும் அவளை வீட்டுக்கு விடவில்லை. ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் அதே பாணி வாசனை வந்தது. டொக்டர் உடனே பாலை நிறுத்தச் சொல்லி, சீனித் தண்ணி சேலைன் ஏற்றினார். எங்களைக் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் ஆறுதலாகச் சொன்னார். பாலில் இருக்கிற புரதத்தில் சில சாமான் உண்டு, சில பிள்ளைகளின் உடம்புக்கு அதைச் செரிக்கத் தெரியாது, அது இரத்தத்தில் தேங்கி மூளைக்கு நஞ்சாகும். தான் அப்படித்தான் சந்தேகப்படுவதாகச் சொன்னார். இரத்தத்தில் எது கூடியிருக்கிறது என்று சோதித்தால்தான் எந்தப் பால் கொடுக்கலாம் என்று தெரியும். அதுவரை தாய்ப்பாலும் கூடாது. வெறும் சீனித் தண்ணியில் கன நாள் வைத்திருக்கவும் ஏலாது.

அவ்வளவுதான் விஷயம். பிள்ளைக்குப் பால் வேண்டும், எந்தப் பால் என்று சொல்ல இரத்தம் வேண்டும்.

அந்தச் சோதனைக்கான மெஷின் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில், இரத்தம் சோதிக்கிற லாபில் இருந்தது. இரத்தத்தை எடுத்துத் தருவார்கள், கொண்டு போவது நாங்கள். எங்கள் ஊரில் அது புதினமில்லை. லாபிலிருந்து போனில், "ஐஸ்ல வச்சுக் கெதியாக் கொண்டு வாங்க," என்று ஒரு பெண்பிள்ளை சொன்னாள்.

ஐஸுக்கு எங்கே போவது? லைட் போய்ப் போய் வருகிற நாட்களில் எவர் வீட்டு பிரிட்ஜிலும் ஐஸ் நிற்காது. மருமகன்தான் வேலைத் தலத்திலிருந்து ஒரு ரெஜிபோம் பெட்டி கொண்டு வந்தான், மீனை ஐஸ் போட்டு அடுக்குகிற அந்தப் பாரமில்லாத வெள்ளை நுரைப் பெட்டி. நன்றாகக் கழுவியிருந்தான். நான் முகர்ந்து பார்த்தேன், வாசனை இல்லை. உள்ளே இடித்த ஐஸ் நிறைந்திருந்தது.

"இது பின்னேரம் வரைக்கும் நிக்கும் மாமா," என்றான். "கல்லுப்பு கலந்திருக்கன். உப்புப் போட்டாத்தான் ஐஸ் பிடிக்கும். இறாலுக்கே இப்பிடித்தான் போடுறது, கல்லு மாதிரி நிக்கும்."

"இறாலுக்கே எண்டா, பிள்ளைட ரத்தத்துக்கு இன்னும் நல்லம்தானே," என்று நானும் சொன்னேன்.

வார்டு நர்ஸ் பச்சை மூடி போட்ட சின்ன டியூப் ஒன்றைக் கொண்டு வந்தாள். "ஐஸ் தியெனவத, சீயா?" என்று சிங்களத்தில் கேட்டாள். ஐஸ் இருக்கிறதா தாத்தா என்று அர்த்தம். "தியெனவா மிஸ், ஹொந்தட்ட தியெனவா," என்றேன், தாராளமாக இருக்கிறது என்று. அவள் டியூபைப் பையில் சுற்றித் தந்தாள். மருமகன் அதை ஐஸுக்குள் ஆழப் புதைத்து, மேலேயும் ஒரு கை ஐஸ் அள்ளிப் போட்டு, மூடியை டேப் ஒட்டிக் கட்டினான். இறால் பெட்டி கட்டுகிற கைதானே, பார்க்கவே அழகாக இருந்தது.

காலி வீதியில் வாகனமே இல்லை. பெற்றோல் இல்லாத காலத்தில் அந்த வீதியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஊரடங்குச் சட்டம் மாதிரி. சைக்கிள்காரர்கள் நடு வீதியில் ராசா மாதிரிப் போவார்கள். பின் சீற்றில் மருமகன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும், "மெல்ல மாமா, மெல்ல," என்று சொல்லிக்கொண்டு வந்தான்.

லாபில் எங்களை எதிர்பார்த்து நின்றவள் போனில் கதைத்த அதே பெண்பிள்ளை. முக்காடும் வெள்ளைக் கோட்டும் போட்ட முஸ்லிம் பிள்ளை, இருக்கிறதை 'ஈக்கிற' என்றும், சொல்லுவதைச் 'செல்லுற' என்றும், அண்ணனை 'நானா' என்றும் சொல்லுவாள். பெட்டியை வாங்கித் திறந்து, டியூபை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். டியூபுக்குள் இரத்தம் குச்சி ஐஸ் பழம் மாதிரிக் கட்டியாக உறைந்து நின்றது. அவள் முகம் மாறியது.

"அங்கிள், இத யாரு கட்டின?"

"நான்தான் மிஸ்," என்றான் மருமகன். குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"ஐஸுக்கு என்னத்தப் போட்டீங்க?"

"கல்லுப்பு."

"உப்புப் போட்டா ஐஸ்ட குளிர் இன்னும் கூடும் நானா, அதாலதான் ரத்தமே உறைஞ்சீக்கி," என்றாள். உள்ளே போய், அது உருகும்வரை பார்த்திருந்து, சுற்றுகிற மெஷினில் வைத்துச் சுற்றி எடுத்து வந்தாள். கையில் இன்னொருவரின் டியூபும் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினாள். மற்றவரின் டியூபில் கீழே சிவப்புக் கட்டியாகத் தங்கி, மேலே தேங்காய் எண்ணெய் நிறத்தில் ஒரு தண்ணி நின்றது. எங்களுடையது மேலேயும் கீழேயும் சர்பத் மாதிரி ஒரே சிவப்பு.

"இந்த மஞ்சள் தண்ணிதான் அங்கிள் எங்களுக்கு வேணும். இதுக்குப் பேர் பிளாஸ்மா. ரத்தத்துல ஈக்கிற சிவப்பு அணு ஒவ்வொண்டும் தண்ணி நெறைச்ச குட்டிப் பை மாதிரி. உறைஞ்சா பை வெடிச்சிரும். உள்ளுக்கு ஈக்கிறதெல்லாம் வெளிய வந்து இதோட கலந்திரும். பொறகு எது எங்க இருந்து வந்த எண்டு பிரிக்கேலா. இது பழுதாப் பெய்த்து."

எனக்கு விளங்கியது. புறக்கோட்டையில் ஒரு தரம் லொறியிலேயே சீனி மூட்டையும் பருப்பு மூட்டையும் மழையில் வெடித்து ஒன்றாகக் கலந்து கிடந்தன. முதலாளி அதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். அள்ளலாம், நிறுக்கலாம், ஆனால் பருப்பு என்று விற்க முடியாது, சீனி என்றும் விற்க முடியாது.

மருமகன் விடவில்லை. "இதையே போட்டுப் பாக்கேலாதா மிஸ்? பிள்ளைக்குத் திரும்பக் குத்தோணுமே."

"போட்டா மெஷின் என்னமோ ஒண்டு சொல்லும் நானா. அது பொய்யா ஈந்தா? அந்தப் பொய்ய நம்பி டொக்டர் பால் குடுத்தா?"

திரும்பி வரும்போது மருமகன் வெறும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, "மாமா, நீங்க சொல்லுங்க, எனக்கு வாய் வராது," என்றான்.

வார்டுக்கு வெளியே கை கழுவுகிற பேசினுக்குப் பக்கத்தில் மகள் நின்றாள். பிள்ளைக்குக் கொடுக்க முடியாத பாலைப் பிழிந்து பேசினில் விட்டுக்கொண்டிருந்தாள். பால் கட்டினால் காய்ச்சல் வருமே, பிழியாமல் இருக்க ஏலாது. என்னைக் கண்டதும் சட்டையைச் சரி செய்துகொண்டு, "என்னப்பா சொன்னாங்க?" என்று ஆசையாகக் கேட்டாள். நான் சொன்னேன். எப்படிச் சொன்னாலும் அது ஒரே விஷயம்தான்.

அவள் என்னைப் பார்க்கவில்லை, புருசனைத்தான் பார்த்தாள்.

"என்ட பிள்ளை என்ன உங்கட இறாலா?"

அவன் தலையைக் குனிந்து நின்றான்.

"இனிக் குத்த விடமாட்டன். மூத்தவனுக்கும் இப்பிடித்தான், கையில, கால்ல, தலையில குத்திக் குத்தி எடுத்தாங்க. கடைசில என்ன சொன்னாங்க? தெரியாதாம். அவளுக்கு அழக்கூடச் சத்தம் வருதில்ல அப்பா. ஊசி போடேக்க வாயை மட்டும் திறக்கிறாள்."

நர்ஸ் வந்து சிங்களத்தில் சொல்லிப் பார்த்தாள். டொக்டரும் வந்து கதைத்தார். மகள் சுவரோடு சாய்ந்து நின்று, இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினாள். நான் என்ன சொல்ல? மூட்டை தூக்கினவன்.

அப்போதுதான் என் போன் அடித்தது. அந்த லாப் பெண்பிள்ளை.

"திரும்பக் குத்த உம்மா விடுறா இல்ல எண்டு வார்டில சென்னாங்க, பிள்ளைட உம்மாவோட நான் கதைக்கலாமா அங்கிள்?"

போனைச் சத்தமாகப் போட்டு மகளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. நான் பிடித்துக்கொண்டே நின்றேன்.

"தங்கச்சி, பிழை அவர்ட மட்டுமில்ல," என்றது போன். "நான் ஐஸ் எண்டு மட்டும்தான் சென்னன், ரத்தம் உறையப்படாது எண்டு செல்லல்ல. ஐஸுக்குப் பக்கத்துல வைக்கச் செல்லணும், உள்ளுக்கு இல்ல. அதச் செல்லாம விட்டது நான். கோவம் எண்டா என்னோடயும் கோவிங்க."

மகள் என் கையிலிருந்த போனைப் பார்த்துக் கேட்டாள்.

"திரும்பக் குடுத்தா, இந்தமுறை பழுதாகாதெண்டு சத்தியம் பண்ணுவீங்களா மிஸ்?"

"சத்தியம் பண்ண எனக்கேலா தங்கச்சி. ஆனா இப்ப எங்க பழுதாகும் எண்டு எங்க எல்லாருக்கும் தெரியும். ரத்தத்த எடுத்த உடன அங்கயே சுத்தி, அந்த மஞ்சள் தண்ணிய மட்டும் வேற டியூபில எடுத்துத் தரச் செல்லி நான் வார்டோட கதைச்சிட்டன். ரத்தமும் முந்தி எடுத்ததுல பாதி போதும். அந்தத் தண்ணி உறைஞ்சா பரவாயில்ல, அதுல வெடிக்கப் பை இல்ல. நல்லா உறையத்தான் வேணும். உங்கட மாப்பிள்ளைட உப்பு ஐஸ்தான் அதுக்குச் சரி. அவரையே கட்டச் செல்லுங்க. அவர் கட்டினமாதிரி எங்கட ஆக்களுக்கும் கட்ட வராது."

மருமகன் தலை நிமிர்ந்தான். மகள் அவனைப் பார்த்தாள். கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், அது போக இன்னும் சில நாள் எடுத்தது.

"கேட்டதுதானே? நிண்டுகொண்டு இருக்கிறீங்க. போய் ஐஸ் கொண்டு வாங்க," என்றாள். பிறகு நர்ஸைப் பார்த்து, "மிஸ், இந்தமுறை கையை நான்தான் பிடிப்பன். என்னை வெளிய நிக்கச் சொல்ல வேணாம்," என்றாள்.

முதல் தரம் இரத்தம் எடுக்கும்போது அவள் வெளியே காதைப் பொத்திக்கொண்டு நின்றவள். இந்தத் தரம் உள்ளே போய், பிள்ளையின் சுண்டுவிரல் அளவு கையைப் பிடித்துக்கொண்டு, அதன் காதில் என்னமோ சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நர்ஸ் ஒரே குத்தில் எடுத்துவிட்டு, "ஹரி, ஹரி, இவரய்," என்றாள். சரி, முடிந்தது என்று. மகளின் முகத்தில் வியர்வை வழிந்தது.

சுற்றி எடுத்து வந்த தண்ணி ஒரு கண்மருந்துப் போத்தலின் அடியில் மிஞ்சுகிற அளவுதான். மஞ்சள் நிறம். மருமகன் அந்தக் குட்டி டியூபை உப்பு ஐஸுக்குள் வைக்குமுன், "மிஸ், இப்ப சரிதானே?" என்று நர்ஸிடம் கேட்டான், பிறகு டொக்டரிடம் கேட்டான், பிறகு என்னிடமும் கேட்டான். எனக்கு என்ன தெரியும்? "சரி சரி, கட்டு," என்றேன்.

லாபில் அவள் பெட்டியைத் திறந்து பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கண்டதும் நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"பாக்கிறீங்களா அங்கிள்?" என்று கேட்டு, எங்களைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்க விட்டாள். உறைந்த தண்ணியை ஐஸ் மேலேயே மெல்ல உருக விட்டாள். அதில் ஒரு துளி எடுத்து இன்னொரு டியூபில் விட்டாள். பிறகு வேறு ஒரு சின்னப் போத்தலிலிருந்து ஏதோ கொஞ்சம். பிறகு பிரீசரிலிருந்து எடுத்த ஸ்பிரிட் மாதிரி ஒரு திராவகம். குலுக்கினாள். தெளிவாக இருந்தது ஒரே கணத்தில் வெள்ளையாகத் திரைந்து போனது, கொதிக்கிற பாலில் தேசிக்காய் பிழிந்த மாதிரி.

"பழுதாப் போச்சு மாமா!" என்று மருமகன் என் கையைப் பிடித்தான்.

அவள் கதவைத் திறந்து, "பயப்படாதீங்க நானா, திரையத்தான் வேணும்," என்றாள். "அது பெரிய புரோட்டீன். அது அப்பிடியே போனா மெஷின்ட மெல்லிய குழாய் அடைச்சிரும். கஞ்சிய ஸ்ட்ரோவில குடிக்கிற மாதிரி. அதக் கட்டியாக்கி அடிக்குத் தள்ளிட்டு, மேல தெளிஞ்சு நிக்கிறத மட்டும்தான் எடுப்போம். நாங்க தேடுற சின்னச் சாமான் எல்லாம் அதுலதான் ஈக்கும்."

"முதல்ல ஊத்தினீங்களே, குட்டிப் போத்தல், அது என்ன?" என்று நான் கேட்டேன்.

"அது எங்கட ஆள் அங்கிள். எவ்வளவு போட்டம் எண்டு எங்களுக்குத் தெரியும். இந்த வேலையெல்லாம் செய்யேக்க வழியில கொஞ்சம் கொஞ்சம் காணாமப் போகும். கடைசில எங்கட ஆள் எவ்வளவு மிச்சம் எண்டு பாத்தா, பிள்ளைடதுலயும் எவ்வளவு காணாமப் போயிருக்கும் எண்டு கணக்குப் போடலாம்."

நான் சிரித்துவிட்டேன். ஒருகொடவத்தைக் களஞ்சியத்துக்கு லொறி அனுப்பும்போது எங்கள் முதலாளியும் இதைத்தான் செய்வார். மூட்டைகளோடு தன் ஆள் ஒருவனை ஏற்றி விடுவார். வழியில் எங்கே நிறுத்தினார்கள், எங்கே குறைந்தது என்று அவன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பார். அதைச் சொன்னேன். அவளும் சிரித்து, "அப்ப எங்கட வேலையும் நாட்டாமி வேலதான்," என்றாள்.

சுற்றி எடுத்தபோது அடியில் வெள்ளைக் கட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே நின்றது மழைத் தண்ணி மாதிரித் தெளிவு. அதை உறிஞ்சி எடுத்து மெஷினுக்கு அனுப்பினாள். அதற்கு மேல் எங்களுக்குப் பார்க்க ஒன்றும் இல்லை, டிவி மாதிரி ஒன்றில் மலை மலையாகக் கோடு வந்தது. வெளியே போய் கடல் பக்கம் நின்றோம். ரயில் ஒன்று ஆட்களைக் கதவில் தொங்க விட்டுக்கொண்டு போனது. மருமகன் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அந்த மிஸ் என்னைத் திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும் மாமா."

"ஏன்டா?"

"திட்டாம விட்டபடியாத்தான் அழுகை வந்தது."

மறுநாள் டொக்டர் எங்களைக் கூப்பிட்டார். அவர் சந்தேகப்பட்டதுதான். எந்தச் சாமான் கூடியிருக்கிறது, எவ்வளவு கூடியிருக்கிறது என்று வந்திருந்தது. அது இல்லாத பால் மா ஒன்று உண்டு, கடையில் கிடையாது, வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், ஆனால் வேறொரு பிள்ளைக்கு வந்ததில் ஒரு டின் இருக்கிறது, அதில் தொடங்கலாம் என்றார். அந்த முகம் தெரியாத பிள்ளையின் தாய் அதை மறுபேச்சில்லாமல் கொடுத்தாளாம். மகள் டொக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"என்ட பால் இனி ஒருநாளும் குடுக்கேலாதா டொக்டர்?"

"குடுக்கலாம்," என்றார். "கொஞ்சம். அளந்து. ரத்தத்துல அளவு இறங்கட்டும், அதைப் பாத்துச் சொல்றன்."

அளவு இறங்கியது. அதற்கும் ஒவ்வொரு தரமும் இரத்தம் கொடுத்துத்தான் தெரிந்தது. ஒவ்வொரு தரமும் மகள்தான் கையைப் பிடித்தாள், மருமகன்தான் பெட்டி கட்டினான், நான்தான் ஓட்டினேன். ஒரு நாள் வார்டில் அவள் பேசினுக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. பாலைச் சின்னக் கோப்பையில் பிழிந்து, அளந்து, பிள்ளையின் வாயில் கரண்டியால் விட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை நக்கிய சத்தம் எனக்கு வாசல் வரை கேட்டது.

இப்போது பேத்தி மொண்டிசூரிப் பள்ளிக்குப் போகிறாள். கதைக்கத் தொடங்கினால் வாயை மூட மாட்டாள். சாப்பாடு மட்டும் அளந்துதான். சோறு அளந்து, மரக்கறி அளந்து, அந்தப் பால் மா அளந்து. இறைச்சி, மீன், முட்டை கிட்டவும் கூடாது. "முகத்துவாரத்தில பிறந்து இறால் தின்னாத ஒரே ஆள் இவள்தான்," என்று தகப்பன் சொல்வான். "எனக்கு வேணாம், மணக்குது," என்று அவள் மூக்கைப் பொத்துவாள். காய்ச்சல் வந்தால் இன்னும் எங்களுக்குப் பயம்தான், ஆஸ்பத்திரிக்கு ஓடத்தான் வேண்டும். ஆனால் ஓடுவதற்கு ஒரு இடம் இருக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். மூத்தவனுக்கு அது இருக்கவில்லை.

இவ்வளவு நேரம் நான் சொன்னதைக் கேட்டீர்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்களுக்குத் தெரிந்த எந்தத் தாயாவது, எடுத்த இரத்தம் பழுதாகிவிட்டது, திரும்பக் கொடுக்க வேண்டும் என்று சொன்னதும், மாட்டேன் என்று சுவரோடு சாய்ந்து நின்றால், அவளை ஏச வேண்டாம். ஏன் பழுதானது, இந்தத் தரம் எப்படிக் கொண்டு போவது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, இன்னொரு தரம் கொடுக்கச் சொல்லுங்கள். கையை அவளையே பிடிக்கச் சொல்லுங்கள். முகத்துவாரத்தில் ஒரு பிள்ளை அந்த இரண்டாம் குத்தினால்தான் இன்றைக்கு மொண்டிசூரிக்குப் போகிறாள் என்று சொல்லுங்கள். அவளும் இன்னொருத்திக்குச் சொல்லட்டும்.